உறைந்த திரையும் கண்மாய் மடையும்

"சார், நான் எதையோ கெடுத்துட்டேன்" என்றாள் அந்த மாணவி.

புதுக்கோட்டையில் நான் பணிபுரியும் கல்லூரியின் கணிப்பொறிக் கூடத்தில் சென்ற ஆண்டு நடந்தது இது. சூடான பொருள் ஒன்று எவ்வாறு குளிர்கிறது என்பதைக் கணக்கிட அவள் ஒரு நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். லினக்ஸ் இயங்கும் பழைய கணிப்பொறி அது. அதிலிருந்த 'விம்' என்னும் எழுத்துத் தொகுப்பானும் பழைய பதிப்புத்தான். முக்கால் மணி நேரம் தட்டியதைச் சேமிக்க எண்ணி, மற்ற மென்பொருள்களில் பழகியபடியே கண்ட்ரோல் விசையோடு எஸ் விசையை அழுத்தினாள். திரை அப்படியே உறைந்துவிட்டது. எந்த விசையைத் தட்டியும் அசைவில்லை. பக்கத்து மாணவனின் கை மின் பொத்தானுக்கே போய்விட்டது.

அவனைத் தடுத்து, கண்ட்ரோலோடு கியூ விசையை அழுத்தச் சொன்னேன். திரை மறுபடி இயங்கியது. எழுதியதில் ஓரெழுத்தும் குறையவில்லை. பதற்றத்தில் அவள் தட்டிய விசைகள்கூட வரிசையாக வந்து விழுந்தன!

மாணவப் பருவத்தில் எனக்கும் இதே அனுபவம் நேர்ந்தது. அன்று என்னைத் தடுக்க ஆளில்லை. பொத்தானை அணைத்தேன், ஒரு மாலை முழுதும் உழைத்தது போயிற்று என்று வருந்தினேன். விம் இடையிடையே ஒரு மறைகோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது என்பதும், அதிலிருந்து பெரும்பகுதியை மீட்கலாம் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. கணிப்பொறி கெட்டதென்றே நம்பினேன்.

உண்மையில் அங்கே எதுவும் கெடவில்லை. பின் திரை உறைந்தது ஏன்?

விசை அனுப்புவது எண்ணையே

விசையைத் தட்டினால் எழுத்து செல்கிறது என்று நினைக்கிறோம். முனையத்தில், அதாவது ஆணைகளைத் தட்டும் அந்தக் கறுப்புச் சாளரத்தில், செல்வது ஓர் எண்ணே. 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட 'அஸ்கி' என்னும் குறியீட்டு முறை, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைத் தந்தது. பெரிய எஸ் எழுத்தின் எண் 83. இதனை 64 + 16 + 2 + 1 என்று பிரிக்கலாம். சிறிய எஸ் எழுத்துக்கு இதனுடன் 32 கூடும். அதன் எண் 115.

கண்ட்ரோல் விசையின் வேலை மிக எளிது. அது 64ஐயும் 32ஐயும் நீக்கிவிடுகிறது. இரண்டிலும் எஞ்சுவது 19. ஆகவே கண்ட்ரோலோடு எஸ் தட்டினால் செல்வது 19. கியூ எழுத்தின் எண் 81. கண்ட்ரோலோடு தட்டினால் 17. இந்த 19க்கும் 17க்கும் என்ன பொருள்?

மடையை அடை, மடையைத் திற

எங்கள் புதுக்கோட்டைச் சீமை கண்மாய்களின் நாடு. கண்மாய் மடையைத் திறந்தால் வாய்க்காலில் நீர் ஓடும். வயல் நிரம்பியதும் கீழே நிற்பவர், "மடையை அடை" என்று குரல் கொடுப்பார். வயல் நீரை உறிஞ்சிய பின், "திற" என்பார். கொடுப்பவர் வேகமும் கொள்பவர் வேகமும் ஒத்துப்போக இந்தக் குரல் வேண்டும்.

திரைகள் பரவாத காலத்தில், தொலை அச்சுப்பொறிகளே கணிப்பொறிகளுக்கு முனையங்களாக இருந்தன. 1963இல் வந்த டெலிடைப் 33 என்னும் பொறி நொடிக்குப் பத்து எழுத்துகளே அச்சிடும். அதனோடு துளையிட்ட காகித நாடாவைப் படிக்கும் கருவியும் உண்டு. 17 என்ற எண் வந்தால் நாடா ஓடத் தொடங்கும். 19 வந்தால் நிற்கும். பின்னர் 1978இல் வந்த புகழ்பெற்ற 'விடி 100' என்னும் திரை முனையமும் இதே வழக்கத்தைக் கைக்கொண்டது. திரையில் காட்டி முடிக்குமுன் எழுத்துகள் வந்து குவிந்தால், அது கணிப்பொறிக்கு 19ஐ அனுப்பி நிறுத்தும். பிறகு 17ஐ அனுப்பி அழைக்கும்.

இன்று நம் லினக்ஸ் திரையில் திறக்கும் முனையச் சாளரம், அந்தப் பழைய முனையங்களைப் போல நடிக்கும் ஒரு மென்பொருளே. விசைப்பலகைக்கும் எழுத்துத் தொகுப்பானுக்கும் இடையே 'முனைய இயக்கி' என்று ஒன்று காவல் நிற்கிறது. மாணவி அனுப்பிய 19 தொகுப்பானைச் சென்றடையவே இல்லை. இயக்கி அதை இடைமறித்து, "மடையை அடை" என்று பொருள் கொண்டது. திரைக்கு எழுத்து வருவது நின்றது. அவ்வளவே!

நீங்களே மாற்றலாம்

காவலரின் கட்டளைப் பட்டியலை நாம் பார்க்கலாம். முனையத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் எஸ், டி, டி, ஒய் என்று சேர்த்துத் தட்டி, இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் ஏ எழுத்தும் தட்டி எண்டர் கொடுங்கள். எந்த விசைக்கு என்ன வேலை என்பது தெரியும். கூரை போன்ற குறிக்குப் பின் எஸ் இருந்தால், அது கண்ட்ரோலோடு எஸ் என்பதாகும்.

மடைக் கட்டளையை நீக்க, அதே ஆணையில் கழித்தல் குறிக்குப் பின் ஏ எழுத்துக்குப் பதிலாக ஐ, எக்ஸ், ஓ, என் என்ற நான்கு எழுத்துகளைச் சேர்த்துத் தட்டுங்கள். சாளரத்தை மூடும்வரை இது நிலைக்கும். நிலையாக வேண்டுமானால், உங்கள் கோப்பகத்தில் புள்ளியில் தொடங்கும் 'பாஷ்ஆர்சி' என்ற கோப்பின் இறுதியில் இவ்வரியை எழுதி வையுங்கள். முன்பு தந்த ஆணைகளைத் தேட கண்ட்ரோலோடு ஆர் பயன்படும். தேடலில் எதிர்த்திசையில் திரும்ப உதவும் கண்ட்ரோல் எஸ்ஸும் இப்போது உங்களுக்குக் கிட்டும்.

விம்மின் புதிய பதிப்புகள், ஓடும்போது இந்த மடைக் கட்டளையைத் தாமே நிறுத்தி வைக்கின்றன. எனினும் 19 வந்தால் சேமிக்க வேண்டும் என்பதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். 'விம்ஆர்சி' என்னும் அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் இதைச் சொல்லிவிடலாம்.

சுருக்கு விசைகளை அமைக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ஐ எழுத்தின் எண் 73; கண்ட்ரோலோடு தட்டினால் 9. டேப் விசையின் எண்ணும் 9 தான்! பழைய முறைப்படி இயங்கும் முனையத்தில் கண்ட்ரோல் ஐக்குப் புதுவேலை கொடுத்தால் டேப் விசையும் அதே வேலையைச் செய்யும். கண்ட்ரோலோடு எம் தட்டினால் எண்டர் வரும். கண்ட்ரோலோடு சி தட்டினால் 3; ஓடும் நிரலை நிறுத்தும் கட்டளை அது. அதனால்தான் பல முனையச் சாளரங்களில் நகலெடுக்க ஷிஃப்டையும் சேர்த்து அழுத்துகிறோம். அந்தக் கூட்டு விசையைச் சாளரமே பிடித்துக்கொள்கிறது, காவலரிடம் விடுவதில்லை.

தமிழில் எழுதுவோர் இன்னொன்றும் அறிய வேண்டும். 'க' என்னும் எழுத்து யூனிக்கோடு முறையில் 2965 என்னும் எண் பெறுகிறது. அது யுடிஎஃப் 8 முறையில் 224, 174, 149 என்று மூன்று எண்களாகச் செல்லும். இதை அறியாத முனைய இயக்கி, அழிக்கும் விசையைத் தட்டினால் ஓர் எண்ணை மட்டும் அழித்து, மீதியைக் குப்பையாக விட்டுவிடும். அங்கே ஐ, யு, டி, எஃப், 8 என்ற அமைப்பைக் கழித்தல் குறியின்றித் தந்தால் குறை நீங்கும்.

அடுத்த முறை முனையத்தில் அமரும்போது கண்ட்ரோலோடு எம், எச், ஐ விசைகளைத் தட்டிப் பாருங்கள். என்ன நேர்கிறது, ஏன் என்று குறித்து வையுங்கள். எப்போதேனும் திரை உறைந்தால், முதலில் கண்ட்ரோலோடு கியூ. மின் பொத்தானுக்குக் கை போவது கடைசியாக இருக்கட்டும்.