மணல் தரும் சாட்சி

கடற்கோள் என்னுஞ் சொல்லை நாம் பழந்தமிழ் உரைகளிலே படித்துப் பழகியவர்கள். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி அச்சொல்லின் பொருளை எமது கரைகளே எமக்கு உணர்த்தின. அன்று முதல் ஒரு வினா என் மனத்தை விடாது பற்றி நிற்கின்றது. பொங்கி வருங் கடல் நிலத்தில் எவ்விடத்தே நிற்கும்? அவ்வெல்லையைக் கணக்கிட்டுக் கூற இயலுமா?

ஓடும் நீரை அதன் அடித்தளம் உராய்ந்து தடுக்கின்றது. அயர்லாந்துப் பொறியியலாளர் றொபேட் மானிங் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆறு, கால்வாய்களுக்கென வகுத்த உராய்வுக் கணக்கே இன்று கடற்கோட் கணிப்புக்கும் உதவுகின்றது. அதன்படி, ஒரே வேகத்தில் ஓடினும், 4000 மீற்றர் ஆழமான நீர் பெறுந் தளர்ச்சியிலும் ஒரு மீற்றர் ஆழமான வெள்ளம் பெறுந் தளர்ச்சி அறுபதினாயிரம் மடங்குக்கு மேலாகும். ஆழ்கடலில் விமானம்போல் விரையும் அலை, கரையேறியதும் தரையின் கரடுமுரடுக்குக் கட்டுப்படுவது இதனாலேயே.

கணிப்பாளர் கடற்றரைக்கு 0.025 என்ற உராய்வெண்ணைக் கொள்வது வழக்கம்; வீடுகள் நெருங்கிய நிலத்துக்கு 0.08 வரையுங் கொள்வர். இவ்வெண்ணைக் கூட்டினால் வெள்ளத்தின் எல்லை கடற்பக்கம் சுருங்கும். குறைத்தால் ஊருக்குள் நீளும். ஒரு பள்ளிக்கூடம் அபாயக் கோட்டின் எப்பக்கத்தில் அமைகின்றது என்பதும் இதனைப் பொறுத்ததே.

ஆயினும், வருவது தெளிநீரன்று. தரையை அரித்து மணலையுஞ் சேற்றையுஞ் சுமப்பதில் அலை தன் ஆற்றலில் ஒரு பகுதியைச் செலவிடுகின்றது. அதேவேளை, அடியில் அடர்ந்து செல்லும் அடையல் நீரின் கொந்தளிப்பை அடக்கி, உராய்வைக் குறைக்கவுங்கூடும். மணல்மேடு அரிபட்டாலோ வெள்ளத்துக்குப் புதுவாயில் திறந்துவிடும். ஆகவே, ஓரெண்ணை மாறாததெனக் கொள்ளுங் கணக்கு முழுமையாகாது.

யப்பானின் செண்டாய்ச் சமவெளி நல்லதோர் எடுத்துக்காட்டு. 869ஆம் ஆண்டில் அங்கே கடல் பொங்கி ஏறத்தாழ ஆயிரவர் மாண்டனரென அந்நாட்டு அரச வரலாற்றேடு கூறும். அவ்வலை விட்டுச்சென்ற மணற்படையை வயல்மண்ணின் கீழே கண்ட ஆய்வாளர், அது பரந்த தூரத்தைக் கொண்டு, அன்றைய நிலநடுக்கத்தின் பருமனை 8.4 அளவில் மதித்தனர். 2011 மார்ச் 11இல் 9.0 பருமனுடைய நடுக்கத்தின் பின் கடல் மீண்டும் பொங்கியது. வெள்ளம் ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர் உட்புகுந்தது; தெளிவாய்க் காணத்தக்க மணற்படையோ மூன்று கிலோமீற்றர் அளவில் முடிந்தது. அப்பாற் கிடந்தது சேறே. பழைய அலையும் தன் மணலைத் தாண்டிச் சென்றிருக்க வேண்டுமென்பது அப்போது புலனாயிற்று. 869ஆம் ஆண்டு நடுக்கத்தின் பருமன் 8.6க்குக் குறையாதெனப் பின்னர் மறுமதிப்பிட்டனர்.

மணல் உண்மையே கூறியது. ஆனால் முழுவதையுங் கூறவில்லை. ஆதலால், நிலப்படத்திலுள்ள கோட்டைக் காட்டி, "இதற்கப்பால் அச்சமில்லை" என்று மாணவருக்குச் சொல்ல நான் துணியேன். கடல் உள்வாங்கக் கண்டாலோ எச்சரிக்கை கேட்டாலோ, கோட்டைப் பாராது மேட்டை நாடுக என்பதே நான் அவர்களுக்குக் கூறக்கூடியது.