கொம்பன் வேட்டையும் நால்வர் வேட்டையும்

மலையகத்துக் கூத்து எவை என்று கேட்டால், காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என மூன்றையும் ஒரே மூச்சிற் சொல்லிவிடுவார்கள் நம் தோட்டத்துப் பெரியவர்கள். அம்மூன்றினுள் பொன்னர் சங்கரில் ஒரு வேட்டை வருகிறது. கொம்பன் என்னும் காட்டுப்பன்றி அண்ணன்மாரின் வயல்களை அழிக்கிறது. பன்றி என்று பேர்தானே தவிர, தனி ஒருவன் ஈட்டிக்கு அடங்கும் விலங்கு அன்று அது. படை வேண்டும், நாய் வேண்டும், துணைவன் வேண்டும். கொத்மலையிலும் அட்டனிலும் லயத்து வாசலிலே விடிய விடிய ஆடப்பட்ட வேட்டை இது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் காட்டுப்பன்றி புதிதன்று. லயத்துக்குப் பின்னால் போட்ட மரக்கறித் தோட்டத்தை ஓர் இரவிலே கிளறிப் போடுகிற விலங்கு அல்லவா அது?

இன்றைய இளைஞர் கையில் இருக்கும் வேட்டை வேறு. ‘மான்ஸ்டர் ஹண்டர்’ என்பது அதன் பெயர். ஜப்பானின் ஒசாகா நகரிலுள்ள கேப்காம் நிறுவனம் 2004ஆம் ஆண்டு முதன்முதலாக வெளியிட்ட வீடியோ விளையாட்டு அது. 2025 பெப்ரவரியில் வந்த அதன் புதிய பாகம் ஒரே மாதத்தில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றது. இதனைக் கேட்டவுடன் முகஞ் சுளிக்கும் ஆசிரியப் பெருமக்கள் உளர் என்பதை நாம் அறிவோம். பொழுதை விழுங்கும் பொருள், அடிதடியைக் கற்பிக்கும் பொருள் என்பது அவர்கள் கட்சி. பொழுதை விழுங்குகிறது என்பது மெய்யே. அதை மறுக்க நாம் வரவில்லை. ஆனால் அந்தப் பொழுதிலே நடப்பது யாது என்று ஒருமுறை எட்டிப் பார்ப்பதில் குற்றம் இல்லையே!

வேடர் நால்வர், எதிரே ஒரு விலங்கு. அது தீயுமிழும் பறவைநாகமாக இருக்கலாம், மலையையொத்த பல்லியாக இருக்கலாம். இதற்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் அளவுகோல் எதுவும் திரையில் இல்லை. வேடன் கண்கொண்டு பார்த்துத்தான் அறியவேண்டும். வாயில் எச்சில் வடிகிறதா? களைத்துவிட்டது. காலை நொண்டிக்கொண்டு தன் குகைக்குத் திரும்புகிறதா? முடிவு நெருங்கிவிட்டது, கண்ணி வைக்க அதுவே தருணம். ஆயுதங்கள் பதினான்கு வகை. வாளேந்தியவன் வாலை அறுப்பான். சம்மட்டிக்காரன் தலையில் அடித்து மயக்குவான். வில்லாளி தொலைவில் நிற்பான். தத்தம் இடத்தில் நில்லாமல் எல்லோரும் தலைமாட்டிற்கே ஓடினால் ஒருவர் வீச்சு மற்றவர் மேல் பட்டு எல்லோரும் தடுமாற வேண்டியதுதான்.

இனி இவ்விளையாட்டின் விதி ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் கருத்தில் இதன் உயிர் அந்த விதியிலேதான் இருக்கிறது. வேடர் விழலாம், எழுந்து மீண்டும் வரலாம். ஆனால் வழக்கமான வேட்டைகளில் மூன்றாம் விழுகையோடு வேட்டை தோல்வி. அந்த மூன்றும் ஆளுக்கு மூன்று அல்ல. நால்வர்க்கும் சேர்த்து மூன்று. ஒருவனே மூன்று முறை விழுந்தாலும் நால்வரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். ஆகவே கைதேர்ந்தவன் தன் வீரத்தைக் காட்டிக்கொண்டு முன்னே ஓடுவதற்கு இல்லை. புதிதாய் வந்த பையன் எங்கே நிற்கிறான், அவனிடம் மருந்து இருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வென்றபின் கிடைக்கும் பொருளிலோ பங்குச் சண்டை இல்லை. தோலும் செதிலும் ஒவ்வொருவனும் தனக்கென அறுத்துக்கொள்ளலாம். ஒருவன் எடுப்பதால் மற்றவனுக்குக் குறைவதில்லை. நட்டம் பொது, இலாபம் தனித்தனி. உலக வாழ்க்கை பெரும்பாலும் இதற்கு நேர் தலைகீழாக நடப்பதைக் கண்டவர்களுக்கு இந்த ஏற்பாடு சற்று வியப்பாகவே இருக்கும்.

பதினான்கு ஆயுதங்களில் ஒன்று கொம்பு வாத்தியம். ஆளுயரக் கொம்பு. அதைக்கொண்டு விலங்கை அடிக்கவும் செய்யலாம்; ஆனால் அதன் பெருமை அடியில் இல்லை, ஊதலில் இருக்கிறது. அதன் இசை தோழர் வாளுக்கு வலுவும் உடலுக்குக் காப்பும் தருகிறது, காயத்தை ஆற்றுகிறது. அதை எடுப்பவர் சிலரே. எடுத்தவன் இருக்கும் கூட்டத்திலே மற்ற மூவர்க்கும் ஒரு தெம்பு.

தப்பும் உடுக்கும் கேட்டு வளர்ந்த மலையகத்தானுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? தப்பு இல்லாமல் கூத்து இல்லை. வேடமிட்டவன் சோர்ந்து நிற்கும் வேளையில் தப்பின் அடி மாறும். அவன் காலும் மாறும். விடியலில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் தப்புத்தான். உழைப்புக்கு விரட்டிய அதே ஓசை இரவிலே வேட்டைக்கு வீரமூட்டியது.

ஆனால் ஒரு வேற்றுமையை மறைத்துவிடக் கூடாது. தப்படிப்பவன் அதைத் தேர்ந்தெடுத்து எடுத்தவன் அல்லன். இன்ன குலத்தில் பிறந்தவன் ஆகையால் அது அவன் தோளில் ஏறியது. கதைக்குள்ளும் அப்படியே. அண்ணன்மாருக்கு உயிர்த்துணையாய் நிற்கும் சாம்புவன் ஒடுக்கப்பட்ட குலத்தவன்; தோழன் என்று சொல்லப்படுகிறவன், ஏவல் செய்கிறவனாகவே வாழ்ந்து முடிகிறான். தங்காளாக வேடமிடுபவனும் முன்பெல்லாம் ஆண்பிள்ளையே. விளையாட்டிலோ கொம்பை எடுக்கப் பிறப்பு வேண்டியதில்லை. இன்று வாள், நாளை கொம்பு. பெண் பிள்ளை சம்மட்டி தூக்கினாலும் கேட்பாரில்லை. இந்த ஒன்றில் பேரன் பாட்டனை விஞ்சிவிட்டான் என்றே சொல்லவேண்டும். எனினும் வாசலில் வேறொரு காவற்காரன் நிற்கிறான்: பணம். கருவியின் விலையும் இணையக் கட்டணமும் நாட்சம்பளத்துக் குடும்பத்துக்கு எளியவை அல்ல. கூத்துப் பார்க்க நுழைவுச் சீட்டு இருந்ததில்லை.

பொன்னர் சங்கர் கதை கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதை எனப் பெயர் பெற்றது. ஆய்வாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் பாணர் பாடக் கேட்டு அதை ஒலிநாடாவிற் பதிந்தார். அவ்வடிவத்தில் ஓர் அருமையான நிகழ்ச்சி உண்டு. வேட்டைக்குப் புறப்படும் அவசரத்தில் அண்ணன்மார் பொன்னாச்சி என்னும் சிறு பெட்டைநாயை மறந்துவிடுகிறார்கள். உருவத்தில் சிறியது, யார் கண்ணிலும் படவில்லை. அது மனம் நொந்து சபிக்கிறது, வேட்டை படுத்துவிடுகிறது. பின்னர் அதை வருந்தி அழைத்துவந்த பிறகே, அது அஞ்சாமற் பாய்ந்து கொம்பனைக் கடிக்க, சங்கரின் ஈட்டி அதன்மேல் இறங்குகிறது. நால்வர் வேட்டையில் தோற்றுத் திரும்பும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பொன்னாச்சியை மறந்த கதையாகத்தான் இருக்கும்.

கூடி விளையாடுவதற்கு இவ்விளையாட்டின் கையடக்க வடிவம் முதலில் ஒரே இடத்தையே வேண்டியது. 2005இல் கையடக்கக் கருவிக்கு அது வந்தபோது, அருகருகே இருந்தாலன்றி ஒன்றோடொன்று இணையாது. ஆகவே ஜப்பானிய இளைஞர் சிற்றுண்டிச் சாலைகளிலே வட்டமாய் உட்கார்ந்து, குனிந்த தலையோடு வேட்டையாடினார்கள். இப்போது இணையம் அந்த வட்டத்தைக் கடல் தாண்டி விரித்திருக்கிறது. கொத்மலைக்கு இணையம் வந்த வழியும் கூட்டு வழிதான். 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலி, 1999இல் யுனெஸ்கோவின் துணையோடு, நேயர்கள் கேட்டதை இணையத்தில் தேடி ஒலிபரப்பியது. ஒருவர் தேட, ஊர் கேட்டது!

இந்தத் தூரம் கடக்கும் ஆற்றல் நமக்கு ஏன் முக்கியம்? தோட்டத்துப் பிள்ளைகள் இன்று தோட்டத்தில் இல்லை. கொழும்புக் கடைகளில் ஒருவன், வளைகுடாவில் ஒருவன், லயத்தில் மிஞ்சியிருப்பவன் ஒருவன். கூத்துக்கு ஆட்கள் ஒரே மண்ணில் நிற்க வேண்டும். வேடமிட ஒருவன், பாட ஒருவன், பந்தம் பிடிக்க ஒருவன், விடியும்வரை விழித்திருக்கப் பாட்டிமாரும் குழந்தைகளும். அந்தக் கூட்டம் கலைந்தபின் கூத்து மெலிந்தது. இதற்கு விளையாட்டைக் குற்றஞ் சாட்டுவது முறையன்று. கலைந்தவர்களுள் ஒரு நால்வரையேனும் இரவில் ஒரு மணி நேரம் பேசவைக்க அதனால் முடியும். “மச்சான், பின்னாலே பார்!” என்ற குரல் பாலைவனத்திலிருந்து மலைக்கு வருகிறது என்றால், அது சிறு காரியம் அன்று. பாட்டிமாருக்கு அங்கே இடமில்லை என்பது மட்டும் நெஞ்சை உறுத்துகிறது.

முடிவிலும் இரண்டு வேட்டைகளும் வேறு வேறு. விளையாட்டில் இன்று வீழ்ந்த விலங்கு நாளை அதே காட்டில் முழு வலுவோடு உறுமும், வேடனுக்கும் சாவில்லை. கதையில் கொம்பன் ஒருமுறைதான் சாகிறான். அவன் சாவு அண்ணன்மாரின் சாவுக்கு வழி திறக்கிறது. படுகளத்தில் வீரர் பிணம்போற் கிடக்க, தங்காள் நீர் தெளித்து எழுப்பும்போது, அது கூத்து என்று அறிந்தே பெண்கள் விம்முவார்கள். விளையாட்டில் விழுந்தவனை ஒரு சிறு தள்ளுவண்டியிலே போட்டு, கடகடவென்று இழுத்துவந்து கூடாரத்து வாசலிற் கவிழ்த்துவிட்டுப் போவன பூனைகள். தோற்ற கோபத்தில் இருக்கும் பிள்ளையும் அந்த வண்டியைப் பார்த்ததும் சிரித்துவிடுகிறான். மற்ற மூவரும் அவனுக்கு முன்பே சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள்.