ஆல்தியா கிப்சன்: நிறத்தடையும் ஊதியத்தடையும்

கருப்பின வீரர்களுக்கு இடமில்லை என்று அமெரிக்க லான் டென்னிஸ் சங்கத்தின் விதிகள் 1940களில் எங்கும் கூறவில்லை. ஆயினும் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற முதலில் ஆடவேண்டிய போட்டிகளில் பெரும்பாலானவை வெள்ளையரை மட்டுமே அனுமதித்த மன்றங்களில் நடந்ததால், எழுதப்படாத விதியே ஆட்சி செய்தது. தெற்குக் கரோலினாவில் 1927இல் பிறந்து நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்த ஆல்தியா கிப்சன், கருப்பினத்தவர் தமக்கென 1916இல் நிறுவிய அமெரிக்க டென்னிஸ் கழகத்தின் மகளிர் பட்டத்தை 1947 முதல் பத்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றவர்; ஆனால் அவருடைய ஆட்டத்திறன் மட்டும் இந்தத் தடையை அகற்றப் போதவில்லை. முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள் 1950 ஜூலையில் டென்னிஸ் இதழொன்றில் வெள்ளையரின் பாசாங்கை வெளிப்படையாகக் கண்டித்த பின்னரே, அவ்வாண்டு ஃபாரஸ்ட் ஹில்ஸ் தேசியப் போட்டியில் கிப்சனுக்கு இடம் கிடைத்தது. அங்கே இரண்டாம் சுற்றில் அவர் விம்பிள்டன் சாம்பியன் லூயிஸ் பிரஃபை மூன்றாம் செட்டில் 7-6 என முந்தியிருந்தபோது இடிமழை ஆட்டத்தை நிறுத்தியது. மறுநாள் கிப்சன் தோற்றார்.

ஆஸ்திரேலியா, பிரான்ஸ், இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் நான்கு பெரும்போட்டிகளைக் குறிக்கும் கிராண்ட் ஸ்லாம் வரிசையில், ஒற்றையர் பட்டம் வென்ற முதல் கருப்பினத்தவர் என்ற இடம், 1956இல் பிரெஞ்சுப் போட்டியை வென்ற அவருக்கே உரியது. அமெரிக்க அரசின் நல்லெண்ணப் பயணமாக இந்தியா, இலங்கை, பர்மா முதலிய நாடுகளில் ஆடி முடித்த சில மாதங்களில் இவ்வெற்றி கிட்டியது. விம்பிள்டன், அமெரிக்கப் பட்டங்களை 1957, 1958 என இரு ஆண்டுகளும் வென்ற கிப்சனின் மொத்த கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள், இரட்டையர் ஆட்டங்களையும் சேர்த்து, 11.

இவ்வளவு வென்றும் அவருக்குப் பரிசுப்பணம் கிடைக்கவில்லை என்பது நிறத்தடை அளவுக்குப் பேசப்படாத அநீதி. அன்றைய பெரும்போட்டிகள் அமெச்சூர்களுக்கு, அதாவது ஆட்டத்தைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்களுக்கு, மட்டுமே உரியவை. செல்வர்களுக்கு இயல்பாகப் பொருந்திய அந்த விதி, ஹார்லெமிலிருந்து வந்த பெண்ணுக்கு இரண்டாம் மதிலாயிற்று. 1958இல் அமெச்சூர் ஆட்டத்திலிருந்து விலகிய அவர், ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் கூடைப்பந்து அணியோடு ஊர் ஊராகச் சென்று காட்சி ஆட்டங்கள் ஆடினார். 1964இல் மகளிர் தொழில்முறை கோல்ஃபில் முதல் கருப்பின வீராங்கனையாகச் சேர்ந்தபோதும், சில மன்றங்கள் உடைமாற்றும் அறையைக்கூட அவருக்கு மறுத்தன. தொழில்முறையினரையும் அனுமதிக்கும் ஓபன் முறை 1968இல் வந்து, விம்பிள்டன் மகளிர் சாம்பியனுக்கு 750 பவுண்டு வழங்கப்பட்டபோது கிப்சனுக்கு வயது நாற்பது.

அவருக்குப் பின் இன்னொரு கருப்பின அமெரிக்கப் பெண், செரீனா வில்லியம்ஸ், கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வெல்ல 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1990களில் நோயும் வறுமையும் கிப்சனைச் சூழ்ந்தபோது உதவிநிதி திரட்டியவர், 1956இல் அவருடன் இணைந்து விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்ற பிரிட்டிஷ் யூத வீராங்கனை ஆஞ்சலா பக்ஸ்டன்.