ஆவியாகாத 'திரவ உப்பு'! மதுரை ஆய்வகத்தில் மருந்து தேடல்

மதுரை: வடை சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சினா உடம்புக்கு ஆகாதுன்னு எல்லோருக்கும் தெரியும். ஆனால் ரசாயன ஆய்வகத்தில் ஒரு திரவத்தை கழுவி, காயவைத்து திரும்பத் திரும்ப பயன்படுத்துகிறார்கள். அதன் பெயர் அயனி திரவம்.

மாத்திரைக்கான மூலப்பொருள் தயாரிக்க கரைப்பான் தேவை. மருந்து தயாரிப்பில் செலவாகும் பொருட்களில் பாதிக்கும் மேல் கரைப்பான்தான். வழக்கமான கரைப்பான்கள் எளிதில் ஆவியாகும். பல சட்டென தீப்பிடிக்கும். மிச்சம் கழிவாகிவிடும்.

அதென்ன திரவ உப்பு?

சமையல் உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் சூடு வேணும். அயனி திரவமும் உப்புதான். ஆனால் 100 டிகிரிக்குள் உருகிவிடும். இதில் உள்ள ஒரு அயனி பெரிசா, கோணல்மாணலா இருப்பதால் நெருக்கமாக அடுக்க முடிவதில்லை. அதனால்தான் சீக்கிரம் இளகுகிறது. அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் இப்படியொரு உப்பைப் பற்றி பால் வால்டன் 1914-லேயே எழுதினார்.

பல்கலை நகரில்...

தேனி ரோட்டில் உள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வாளர்கள், சவூதியின் ரியாத் கிங் சவூத் பல்கலைக்கழகத்தினருடன் சேர்ந்து 2010-களில் இந்த வழியை கையாண்டனர். பியூட்டைல் மெத்தில் இமிடசோலியம் புரோமைடு என்ற உப்பை உருக்கி, அதிலேயே மூலப்பொருட்களை மொத்தமாகப் போட்டு சூடாக்கினர். வளையங்கள் பின்னிய 'ஸ்பைரோ' சேர்மங்கள் ஒரே பாத்திரத்தில் கிடைத்தன. பிறகு எத்தில் அசிட்டேட் ஊற்றினால் சேர்மம் அதில் வந்துவிடும். உப்பு தனியே நிற்கும். அதை உலர்த்தி அடுத்த தடவைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஞாபக மறதி நோயுடன் தொடர்புள்ள ஒரு என்சைமை இவை தடுக்குமா என்றும் சோதிக்கப்பட்டது. அதற்காக மருந்து ரெடின்னு நினைச்சிடக்கூடாது. இது ஆய்வகக் கட்டம்தான்.

உஷார்!

ஆவியாகாது என்பதால் மூக்குக்கும் காற்றுக்கும் நல்லது. அதற்காக சாக்கடையில் கொட்ட முடியாது. இந்த வகை உப்புகளில் பல, நீரில் கலந்தால் மீனுக்கும் பாசிக்கும் விஷம். விலையும் அதிகம். பிரித்தெடுக்க ஊற்றும் எத்தில் அசிட்டேட்டும் ஆவியாகக்கூடியதே. எனவே எத்தனை தடவை திரும்பப் பயன்படுத்த முடிகிறது, எவ்வளவு வீணாகாமல் மீட்கப்படுகிறது என்பதில்தான் இதன் லாபமே இருக்கிறது.