நாயோடு ஜார்ஜ்டவுனுக்கு ஒரு நாள்: கிளம்பும் முன் சில விஷயங்கள்

தோட்டத்து நாய்க்குக் கழுத்துப்பட்டை பெரும்பாலும் பழக்கமில்லை. காலையில் வேலைக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிளைத் துரத்தும், மதியம் வாசலில் படுத்துக் கிடக்கும், இரவில் வீட்டைக் காக்கும். அப்படி வளர்ந்த நாயைப் பள்ளி விடுமுறையில் காரில் ஏற்றிக்கொண்டு, பிள்ளைகளோடு பினாங்கின் பழைய நகரைச் சுற்றிவர நினைப்பதில் தவறில்லை. ஆனால் முதல் முறையாகக் கயிறு மாட்டும் இடம் ஜார்ஜ்டவுனாக இருக்கக்கூடாது. இரண்டு வாரம் முன்பே வீட்டுப் பக்கத்தில் கட்டி நடத்திப் பழக்க வேண்டும்.

அடுத்தது உரிமம். நாய் வளர்க்க அந்தந்த ஊராட்சி மன்றத்தின் உரிமம் தேவை. செபராங் பிறையில் இருப்பவர்களுக்கு அது செபராங் பிறை மாநகர் மன்றம். கெடாவிலிருந்து வருபவர்களுக்கு அவரவர் மாவட்டத்து மன்றம். உரிம வில்லை கழுத்தில் தொங்க வேண்டும். வில்லை இல்லாத நாய், எவ்வளவு செல்லமாக வளர்ந்ததானாலும், நகரத்தில் தெருநாயாகத்தான் கணக்கில் வரும். 2015ல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்று மாநிலங்களிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. அப்போது பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு வந்ததையும், விலங்கு நல அமைப்புகள் அதைக் கடுமையாக எதிர்த்ததையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அதன் அட்டையைக் காரிலேயே வைத்திருப்பது நல்லது.

பேருந்தை நம்பிக் கிளம்ப முடியாது. பொதுப் போக்குவரத்தில் நாயை ஏற்றுவதில்லை. 2023ல் வந்த புதிய ஃபெர்ரிகளில் கார் ஏறாது. நடந்து வருபவர்கள், மோட்டார் சைக்கிள், சைக்கிள் மட்டுமே. ஆகவே காரில் வருபவர்களுக்குப் பாலம்தான் வழி. மோட்டார் சைக்கிளின் முன்னால் நாயை உட்கார வைத்துப் பாலம் ஏறும் யோசனையை இப்போதே விட்டுவிடலாம்.

இந்தப் பயணத்தில் நாயின் உயிருக்கே ஆபத்தாக வரக்கூடியது வெயில். மனிதருக்கு உடம்பெல்லாம் வியர்த்துச் சூடு தணிகிறது. நாய்க்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். நாக்கின் ஈரம் ஆவியானால்தான் அதற்குக் குளிர்ச்சி. பினாங்கின் கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால், எவ்வளவு இரைத்தாலும் போதிய பலன் கிடைப்பதில்லை. வெயிலில் கிடக்கும் தார்ச்சாலையின் சூடு நண்பகலில் 50 பாகையைத் தாண்டிவிடும். செருப்புப் போட்ட நமக்கு அது தெரியாது. புறங்கையைத் தாரில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் நாயாலும் நடக்க முடியாது.

நிறுத்திய கார் இன்னும் மோசம். பத்தே நிமிடத்தில் உள்ளே ஏறக்குறைய 10 பாகை கூடிவிடும். கண்ணாடியைச் சற்றே இறக்கி வைப்பதால் பெரிய மாற்றமில்லை. ‘ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு வந்துவிடலாம்’ என்பது எப்போதும் ஐந்து நிமிடத்தில் முடிவதில்லை. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, விலங்கு வதைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். நாய் தள்ளாடினாலோ, வாந்தி எடுத்தாலோ, ஈறு கருஞ்சிவப்பாக மாறினாலோ, நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை ஊற்றி, விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

எனவே காலை 7 மணிக்கே நகரில் இருப்பது உத்தமம். பாடாங் கோத்தா கடலோரத்தில் தொடங்கி, வெயில் ஏறும் முன் ஆர்மீனியன் தெருவுக்கு வந்துவிடலாம். எர்னஸ்ட் ஸகாரெவிச் 2012ல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் அங்கேதான். பக்கத்துச் சந்துகளில் காணும் பூனை ஓவியங்களைப் பலர் வெறும் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். தெருவில் திரியும் விலங்குகளின் மேல் அக்கறை பிறக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுன் விழாவையொட்டிக் கலைஞர்கள் சிலர் வரைந்தவை அவை.

பிரான்ஸில் நடுக்காலத்துக் கல் கிராமங்களுக்கு நாயோடு போய்வருவது சாதாரணம். ரயிலில் நாய்க்கும் டிக்கெட் உண்டு. பல காப்பிக் கடைகளில் மேசைக்கடியில் படுத்துக்கொள்ளும். அங்கே குறுகிய கல் சந்துகள் தரும் நிழலை இங்கே அஞ்சடி தருகிறது. கடைவீடுகளின் முன்னால் கூரை போட்ட அந்த நடைபாதை வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கத்தான் கட்டப்பட்டது. நாயின் பாதத்துக்கும் அதுவே நல்லது. மோட்டார் சைக்கிளும் சரக்கு மூட்டையும் வழியை அடைத்திருக்கும் இடங்களில்தான் சாலையில் இறங்க வேண்டிவரும்.

காப்பிக் கடை விஷயத்தில் மட்டும் பிரான்ஸை இங்கே தேடக்கூடாது. நாசி கண்டார் கடைக்குள் நாயைக் கூட்டிப் போவது பெரிய சங்கடம். இந்நாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மார்க்க முறைப்படி, நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரில். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவில் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, எதிரே வருபவருக்கு வழிவிட்டு நடப்பது அண்டை வீட்டாருக்குத் தரும் மரியாதை. குயின் தெரு மகா மாரியம்மன் ஆலயத்துக்கும் இதே ஒழுங்கு. பைரவருக்கு வாகனமே நாய்தான், ஆனாலும் நம் நாய்க்கு உள்ளே அனுமதியில்லை. ஒருவர் வெளியே காத்திருக்க, மற்றவர்கள் மாறி மாறிக் கும்பிட்டு வரலாம். எச்சத்தை அள்ள நெகிழிப் பையும், சிறுநீரைக் கழுவிவிட ஒரு போத்தல் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுவருவது நல்லது. வெங்காயம் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும் என்பதால் மிச்சக் கறிக்குழம்பு ஆகாது. வெந்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும்.

லிட்டில் இந்தியாவின் பாட்டுக் கடைகள் திறந்து ஒலிபெருக்கி முழங்கத் தொடங்குமுன் அந்தப் பக்கம் முடித்துவிட வேண்டும். தைப்பூச நாளில் அறவே வேண்டாம். தெருவில் தேங்காய் உடையும் கூட்டத்தில் மிரண்ட நாய் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது.

மிரண்ட நாய் சொந்தக்காரரையே கடிக்கும். கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள் பூசிவிட்டு வீட்டில் இருக்கக்கூடாது. வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பவர்கள் அரிதினும் அரிது. சரவாக்கில் 2017 முதல் இதனால் உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன.