எல்லைகளின் கதை – 11: ஓவர்டைம் காசில் ஓடும் ரோந்து

மொன்டானா மாகாணத்தின் ரவாலி கவுன்டியில் ஜே பிரின்ட்ஸ் என்று ஒரு ஷெரிஃப் இருந்தார். கைத்துப்பாக்கி வாங்க வருகிறவர்களின் பின்புலத்தை உள்ளூர் போலீஸ் தலைவர்களே சரிபார்த்துத் தரவேண்டும் என்று 1993-இல் வாஷிங்டன் சட்டம் போட்டபோது, தனக்கு வேலை ஏவ மத்திய அரசுக்கு அதிகாரமில்லை என்று அவர் வழக்குப் போட்டார். 1997-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மாகாண, உள்ளூர் அதிகாரிகளைத் தன் திட்டத்துக்கு வேலை செய்யச் சொல்லி மத்திய அரசு கட்டாயப்படுத்த முடியாது என்பது அன்று உறுதியாயிற்று.

எல்லையைப் பற்றி எழுதும் தொடரில் இந்தத் துப்பாக்கி வழக்குக்கு இடம் உண்டு. அமெரிக்காவில் குடியேற்றமும் எல்லைக் காவலும் மத்திய அரசின் பொறுப்பு. மெக்சிகோவோடு ஏறத்தாழ 3,145 கிலோமீட்டர், கனடாவோடு அலாஸ்காவையும் சேர்த்து 8,900 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவையும் எல்லை ரோந்துப் படை தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது. அந்தந்த ஊர் போலீஸின் துணை வேண்டும். ஆனால் அவர்களுக்கு உத்தரவு போட வழியில்லை. அதனால் பணம் கொடுக்கிறார்கள்.

அந்தப் பணத்தின் பெயர் ஆபரேஷன் ஸ்டோன்கார்டன். 2019 முதல் 2023 வரை ஆண்டுக்கு 9 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அமெரிக்க பட்ஜெட்டில் இது ஒரு துளி. ஆனால் எல்லையோரத்தில் உள்ள ஒரு சின்னக் கவுன்டிக்கு இதன் எடையே வேறு.

டெக்சஸின் ஹட்ஸ்பெத் கவுன்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பளவில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு. மக்கள்தொகை மூவாயிரத்துச் சொச்சம். இத்தனை பேர் கட்டும் வரியில் எத்தனை போலீஸ்காரரை வேலைக்கு வைக்க முடியும்? எத்தனை ஜீப் வாங்க முடியும்? வயர்லெஸ் எடுக்காத பள்ளத்தாக்கில் தனியாக நிற்கும் போலீஸ்காரருக்கு நல்ல ரேடியோ ஒன்று கிடைப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இப்படிப்பட்ட இடத்தில் இருக்கும் ஷெரிஃப் இந்த நிதியைக் கை நீட்டி வாங்குவதில் நான் குறை காணமாட்டேன்.

பணம் வரும் பாதையைப் பார்ப்போம். நாடாளுமன்றம் ஒதுக்குவது ஃபீமா என்ற பேரிடர் மேலாண்மை அமைப்பின் கைக்குப் போகிறது. அங்கிருந்து மாகாண அரசு, பிறகு கவுன்டி. எங்கே, எப்போது, எத்தனை பேர் ரோந்து போகவேண்டும் என்ற திட்டத்தை ஷெரிஃப் அலுவலகம் எல்லை ரோந்துப் படையோடு உட்கார்ந்து எழுதுகிறது. மேலே ஒப்புதல் கிடைத்தால்தான் வேலை தொடங்கும். கவுன்டி முதலில் தன் காசைச் செலவு செய்து, பிறகு கணக்குக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். புதிதாக நிரந்தர ஆள் எடுக்க இந்த நிதியைத் தொடக்கூடாது. ஆகவே பெரும்பகுதி ஓவர்டைமுக்கும், பெட்ரோலுக்கும், வண்டி, படகு, இரவில் பார்க்கும் கருவி, நம்பர் பிளேட் படிக்கும் கேமரா போன்றவற்றுக்கும் போகிறது.

தன் வழக்கமான டூட்டியை முடித்த போலீஸ்காரர் ஒருவர், சில மணி நேரம் கூடுதலாக நெடுஞ்சாலையில் வண்டியோடு நிற்கிறார். அந்த ஷிஃப்ட் முடிந்த இரண்டு நாளைக்குள் ஓர் அறிக்கை போக வேண்டும். எத்தனை மணி நேரம், எத்தனை மைல், எத்தனை வண்டியை நிறுத்தினார், எத்தனை அபராதச் சீட்டு, எத்தனை கைது, என்ன பிடிபட்டது என்று அதில் நிரப்ப வேண்டும். இந்த நிதியால் அவருக்குப் புதிய அதிகாரம் எதுவும் வருவதில்லை என்று விதிமுறையே சொல்கிறது. குடியேற்றச் சட்டத்தை அவர் அமல்படுத்த முடியாது. கையில் இருப்பது போக்குவரத்துச் சட்டம்தான். பின்விளக்கு எரியவில்லை என்று ஒரு வண்டியை ஓரம் கட்டுகிறார். ஓட்டுநரிடம் தாள்கள் சரியாக இல்லையென்று தோன்றினால் எல்லை ரோந்துப் படைக்கு ஒரு போன் போகிறது. அங்கிருந்து கதை வேறு.

ஊர்க்காரர்களுக்கு உறுத்துவது இந்த இடம்தான். வீட்டில் திருட்டு என்றால் கூப்பிட வேண்டிய போலீஸ் இவர். அண்ணனையோ மாமனாரையோ நாடு கடத்தும் பாதையில் முதல் ஆளாக நிற்பதும் இவர் என்றால், திருட்டுப் போன வீட்டிலிருந்து போன் வருமா? போலீஸ் மேல் ஊருக்கு இருக்கும் நம்பிக்கைக்கு ஃபீமாவின் படிவத்தில் கட்டம் கிடையாது. அது குறைந்தால் யாரும் ஈடுகட்டித் தரப்போவதும் இல்லை.

சரி, பலனாவது கணக்கில் இருக்கிறதா? உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தணிக்கை அதிகாரி 2017-இல் பார்த்தார். 2008-இலிருந்து 53 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருந்தும், அதனால் என்ன விளைந்தது என்று காட்ட நம்பகமான தரவையோ அளவுகோலையோ ஃபீமாவும் எல்லைக் காவல் துறையும் வைத்திருக்கவில்லை என்பது அவர் முடிவு. அரசின் சொந்த வீட்டுக்குள்ளிருந்து வந்த குரல் இது. அதற்குப் பிறகும் ஒதுக்கீடு குறையவில்லை.

அடுத்த ஆண்டு அரிசோனாவில் ஒரு கவுன்டி வாய் திறந்தது. பீமா கவுன்டி, டூசான் நகரம் இருக்கும் இடம். பத்து லட்சம் மக்கள். ஆண்டுக்கணக்கில் வாங்கிவந்த பணத்தை, 2018 செப்டம்பரில் அதன் ஐந்து மேற்பார்வையாளர்களில் மூவர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். தொகை சுமார் 14 லட்சம் டாலர். ஷெரிஃப் வேண்டும் என்றார், மன்றம் மறுத்தது. குடியேறியவர்களின் அச்சம் ஒரு காரணம். இன்னொன்று காதில் அதிகம் விழாத, ஆனால் வலுவான காரணம்: ஓய்வூதியம். அரிசோனாவில் பணியில் மூத்த போலீஸ்காரர்களின் ஓய்வூதியம் ஓவர்டைமையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. வாஷிங்டன் இன்று தரும் ஓவர்டைம் காசு, நாளை கவுன்டி தலையில் ஓய்வூதியச் சுமையாக ஏறும். இலவசமாக வந்ததற்கு ஊர் மக்கள் பல ஆண்டுகள் வரி கட்ட வேண்டும்.

அந்த வாக்கெடுப்பு சரியா தவறா என்பதில் டூசான்காரர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஊர் போலீஸ் எந்தச் சாலையில், யாருக்காக நிற்பது என்பதை ஊர் மன்றத்தில் வைத்து, எல்லோரும் கேட்கப் பேசி முடிவு செய்தார்களே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். பல கவுன்டிகளில் இந்த நிதி விவாதமே இல்லாமல் கையெழுத்தாகிப் போகிறது.

நிதியை நம்பி வேலையைக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் ஹட்ஸ்பெத்தே சாட்சி. அங்கே சியரா பிளாங்காவில் எல்லை ரோந்துப் படையின் சோதனைச் சாவடி உண்டு. சாவடியில் பிடிபடும் சின்னச் சின்னக் கஞ்சா வழக்குகளைக் கவுன்டி நடத்தும், அதன் செலவை வேறொரு மத்திய நிதி ஈடுகட்டும் என்று ஏற்பாடு. 2010-களில் அந்த நிதி வற்றியது. வழக்குகளை இனி எடுக்க முடியாது என்று கவுன்டி கைவிரித்தது.

இப்போது காற்று எதிர்த் திசையில் வீசுகிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான பெரிய வரி–செலவுச் சட்டத்தில் ஸ்டோன்கார்டனுக்கு மட்டும் 45 கோடி டாலர். எல்லைப் பணிக்காக மாகாணங்களுக்குத் தர 1,000 கோடி டாலரில் தனி நிதி. அதே ஆண்டில், குடியேற்ற நடவடிக்கைக்கு ஒத்துழைத்தால்தான் பேரிடர் நிதி உள்ளிட்ட மானியங்கள் என்று நிபந்தனை வைத்ததை எதிர்த்து மாகாணங்கள் கோர்ட்டுக்குப் போயின. அந்த நிபந்தனை செல்லாது என்று ரோட் ஐலண்டின் மத்திய நீதிமன்றம் செப்டம்பரில் சொன்னது. விருப்பப்பட்டு வாங்கும் காசு என்றிருந்தது, வெள்ளம் வந்த ஊருக்கான காசோடும் முடிச்சுப் போடப்படும் அளவுக்கு வந்துவிட்டது.

பீமா கவுன்டியின் மேற்குப் பகுதியில் டோஹோனோ ஓதாம் பழங்குடியின் நிலம் இருக்கிறது. சுமார் 100 கிலோமீட்டர் எல்லை அவர்கள் மண்ணில் ஓடுகிறது. அவர்களுடைய போலீஸும் இந்த நிதியை வாங்குகிறது. அது போதாமல், எல்லைக் காவலுக்கு ஆண்டுதோறும் தங்கள் சொந்தக் காசையும் போடுகிறார்கள். எல்லைச் சுவரை எதிர்த்துக்கொண்டே காவலுக்கும் துணை நிற்கும் அவர்களைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)