கேமராவுக்குத் தாகம் கிடையாது

துனிசியாவின் தென்மேற்கில் தோசர் என்றொரு பாலைவனச் சோலை ஊர். பேரீச்சைக்குப் பேர்போனது. அங்கிருந்து கெபிலி போகிற சாலை, ஓர் உப்புப் படுகையின் நடுவே கரை எழுப்பி, நூல் பிடித்த மாதிரி ஓடுகிறது. படுகையின் பெயர் ஷொட் எல் ஜெரீத். பரப்பு 5,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். சகாராவிலேயே பெரிய உப்புப் படுகை. மே மாதம், உச்சிவேளை நெருங்குகிற நேரம். வண்டியை ஓரம்கட்டச் சொன்னாள் என் மனைவி. எதிரே தகதகவென்று ஏரி. அதில் தலைகீழாக ஒரு லாரி.

"ஏங்க, இல்லாத தண்ணி கேமராவுல எப்படிங்க விழும்?" என்று கேட்டாள், படம் எடுத்துக்கொண்டே.

கானல் நீரை இருபது வருஷம் கரும்பலகையில் வரைந்து காட்டிய இயற்பியல் வாத்தியார் நான். எந்தப் பிள்ளையும் இப்படிக் கேட்டதில்லை.

'பொய்த்தோற்றம்' என்ற பேரால் வந்த குழப்பம் இது. தாகம் எடுத்தவன் மயக்கத்தில் காண்பது கானல் நீர் என்று சினிமாக்காரர்களும் சொல்லிச் சொல்லிப் பதிய வைத்துவிட்டார்கள். கேமராவுக்குத் தாகம் கிடையாது. லென்சுக்குள் வந்து விழுந்தது அசல் வெளிச்சம். தரையில் மின்னிய அந்த நீலம், அடிவானத்துக்குச் சற்று மேலே இருந்த வானம். வெளிச்சம் எப்போதும் நேர்கோட்டில்தான் வரும் என்று நம் மூளை எடுத்துக்கொள்கிறதே, அது மட்டும்தான் இதில் தப்பு.

வெளிச்சம் வளைந்தது எப்படி? மாட்டுவண்டியின் ஒரு சக்கரம் கெட்டித் தரையிலும் மற்றது மணலிலும் போனால், வண்டி மணல் பக்கம் திரும்பும். மணலில் வேகம் குறைவு. தரையை ஒட்டிய காற்று சூட்டில் அடர்த்தி குறைந்துவிடுகிறது; அதில் வெளிச்சம் ஒரு துளி வேகமாகப் போகும். மேலே இருப்பது கொஞ்சம் குளிர்ந்த, அடர்த்தியான காற்று. அங்கே வேகம் குறைவு. ஆகவே வானத்திலிருந்து தாழ்ந்து வருகிற ஒளிக்கதிர் தரையைத் தொடாமலே மேல்நோக்கித் திரும்பி, நம் கண்ணுக்கு வந்துவிடுகிறது. லாரியிலிருந்து வந்த வெளிச்சம் இரண்டு வழியில் வந்தது: ஒன்று நேராக, மற்றொன்று வளைந்து. அதனால்தான் ஒரு லாரி நிமிர்ந்தும் இன்னொன்று கவிழ்ந்தும் தெரிந்தன.

ஆனால் இந்த வளைவு ரொம்பச் சின்னது. காற்றின் ஒளிவிலகல் எண் சுமார் 1.0003. வெப்பம் 30 டிகிரி கூடினாலும் ஐந்தாவது தசமத்தில்தான் மாற்றம் தெரியும். ஆகவே தரையை உரசுகிற மாதிரி, அரை டிகிரிக்கும் குறைந்த சாய்வில் வருகிற கதிர் மட்டுமே திரும்பும். நின்று பார்க்கிறவருக்கு அந்தச் சாய்வு ஏறக்குறைய 200 மீட்டர் தள்ளித்தான் கிடைக்கும். கிட்டே போனால் ஏரி விலகி ஓடுவதும் இதனால்தான். நாம் நடக்கிற அளவுக்கு அதுவும் நகரும்.

"அப்ப கீழே உக்காந்தா?"

உட்கார்ந்தாள். ஏரி கிட்டே வந்தது. முழங்கால் உயரத்தில் கேமராவைப் பிடித்தபோது தண்ணீர் ஐம்பது, அறுபது மீட்டரில் நின்றது. அப்புறம் உப்பில் குப்புறப் படுத்தே விட்டாள். எங்கள் ஓட்டுநர் சிரித்துக்கொண்டே "சராப், சராப்" என்றார். கானல் நீருக்கு அரபுச் சொல் அது. நம் பழைய தமிழில் இதற்குப் பேய்த்தேர் என்று பெயர். கிட்டே போகப் போக ஓடுவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

இதை விளக்கி எழுதியவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் காஸ்பார் மோன்ஷ். அவருக்கும் இது புரிந்தது வட ஆப்பிரிக்காவில்தான். 1798-ல் நெப்போலியன் படையோடு எகிப்து போனார். எதிரே ஏரி இருப்பதாக நம்பிச் சிப்பாய்கள் ஏமாந்ததைப் பார்த்து, அதன் காரணத்தை எழுதினார்.

ஏமாற்றத்துக்கு ஷொட் எல் ஜெரீத்திலும் ஒரு கதை உண்டு. 1870-களில் ரூதேர் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி, மத்தியதரைக் கடலிலிருந்து கால்வாய் வெட்டி இந்தப் படுகைகளை உள்நாட்டுக் கடலாக்கத் திட்டம் போட்டார். சூயஸ் கால்வாய் புகழ் லெசெப்ஸும் துணை நின்றார். அளந்து பார்த்தால், அல்ஜீரியப் பக்கத்துப் படுகைகள் கடல் மட்டத்துக்குக் கீழே இருந்தன. ஷொட் எல் ஜெரீத்தோ மேலே இருந்தது. தண்ணீர் மேடேறி வராதே! செலவுக் கணக்கைப் பார்த்து 1882-ல் பிரெஞ்சு அரசு கைகழுவியது. ஜூல்ஸ் வெர்ன் மட்டும் விடவில்லை. 1905-ல் அதை நாவலாக்கினார்.

நிஜத் தண்ணீரே இல்லையா என்றால், இருக்கிறது. குளிர்கால மழையில் படுகையில் ஆழமில்லாத நீர் தேங்கும். கோடையில் வற்றி உப்பாகும். சாலையோரப் பள்ளங்களில் மிஞ்சிய நீர் சில இடங்களில் ரோஜா நிறத்தில் கிடக்கிறது. உப்பை விரும்பி வாழும் நுண்ணுயிர்களின் நிறமிகள் தருகிற வண்ணம். படத்தைப் பார்க்கிறவர்கள் இந்த ரோஜா நீரைத்தான் ஒட்டுவேலை என்கிறார்கள். இல்லாத ஏரியை யாரும் சந்தேகிப்பதில்லை.

இதைப் பார்க்க துனிசியா போக வேண்டியதில்லை. நடு ரோட்டில் உட்காரவும் வேண்டாம். பிற்பகல் வெயிலில் நன்றாகக் காய்ந்த, பதினைந்து மீட்டராவது நீளமுள்ள மதில் சுவர் போதும். ஒரு முனையில் கன்னத்தைச் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் ஒருவர் சாவியைச் சுவர் அருகே மெல்லக் கொண்டுவரட்டும். சுவருக்குள்ளிருந்து இன்னொரு சாவி எதிரே வரும். கேமராவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், அதிலும் விழும்.